செட்டிநாட்டு வீட்டில் வைஃபை: முகப்பிலேயே ரௌட்டரை விட்டுவிடாதீர்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகள் பல, ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. இணைப்புக் கொடுக்க வருபவர் ஃபைபரை முகப்பில் இறக்கி, அங்கேயே ரௌட்டரையும் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. அலை நாலா பக்கமும் பரவுவது. பாதி தெருவுக்குப் போய்விடும். மீதி, கனத்த செங்கல் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்ட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இப்படி ஒரு சுவரிலேயே இளைத்துவிடும். 2.4 கொஞ்சம் தாங்கும், ஆனால் வேகம் குறைவு. பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அதன் ரசப்பூச்சு அலையைத் திருப்பிவிடும்.

இந்த வீடுகளில் அலைக்கென்றே அமைந்ததுபோல் ஒரு வழி உண்டு: முற்றம். வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), சாரல் படாத இடமாகப் பார்த்து, முகப்பிலுள்ள ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து, 7 அடி உயரத்தில் ரௌட்டரை வையுங்கள். சுற்றியுள்ள அறைகளுக்கு ஒரு சுவர்தான் குறுக்கே வரும். சோதிக்கும்போது கதவுகளைச் சாத்திக்கொள்ளுங்கள். பகலில் நேர்க்கோட்டில் திறந்து கிடக்கும் தேக்குக் கதவுகளை இரவில் அடைத்ததும் சிக்னல் இறங்கும். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள்; போனில் மைனஸ் 65 டிபிஎம் காட்டினால் நல்லது. மைனஸ் 75க்கும் கீழே போனால் வீடியோ திக்கும்.

சிக்னலே எட்டாத அறையில் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) செருகுவது அடுத்த தவறு. வராததை அது எப்படித் திருப்பி அனுப்பும்? ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புகிற ரிப்பீட்டர் வேகத்தையும் பாதியாக்கும். இரண்டாம் கட்டு (முற்றத்துக்குப் பின்னுள்ள அடுத்த பகுதி) வரை வேண்டுமென்றால் கேட்6 கேபிள் இழுங்கள்; 100 மீட்டர் வரை தாங்கும். முழுச் செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். சுவரைத் துளைக்காதீர்கள்: முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே மெருகைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். கதவு நிலைக்கு மேலுள்ள காற்றுத் துளை வழியாகவே கொண்டுபோகலாம்.

கேபிள் முனையில் பிளக் கட்டும்போது உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளின் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசைதான். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். எட்டில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் ஜிகாபிட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கலாம், சில சமயம் இணைப்பே வராது.

அந்தக் கேபிளின் மறுமுனையில் பழைய ரௌட்டரை மாட்டினால் அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) மாற்றுங்கள். அந்த மோடு இல்லையென்றால் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி தானாக வழங்கும் வசதி) அணைத்து, ஐபி முகவரியை முதல் ரௌட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் துளையில் செருகுங்கள். 2.4இல் ஒரு ரௌட்டருக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். நடுவிலுள்ள 3, 4 இரண்டு பக்கத்துச் சேனலோடும் உரசும்.

ரௌட்டரை வளவுக்கு மாற்றிய பிறகு, முகப்பில் தனியாக நிற்கும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க மறக்காதீர்கள். மின்தடையில் ரௌட்டர் மட்டும் ஓடினால் வைஃபை காட்டும், இணையம் வராது.