அம்மாவையும் அம்மாவின் சிநேகிதியையும் நுவரெலியா கூட்டிப்போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் இருந்து அம்மாவையும் அவருடைய நெருங்கிய சிநேகிதியான அன்ரியையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போக நினைக்கிற பிள்ளைகள் முதலில் கூகுள் மேப்பைத் திறக்கிறார்கள். பிறகு ஹோட்டல் தேடுகிறார்கள், வழியில் எத்தனை நீர்வீழ்ச்சி என்று எண்ணுகிறார்கள். வருகிற இரண்டு பேரையும் பற்றி யோசிப்பது கடைசியில்தான். பயணத்தில் வருகிற சங்கடங்களில் பாதி இந்த ஒழுங்கில் இருந்து வருகிறது. இது அவர்களுடைய பயணம். ஒன்றாகப் படித்து, ஒருவர் கலியாணத்துக்கு மற்றவர் தோழியாக நின்று, பிள்ளைப்பேறு, இடப்பெயர்வு, செத்தவீடு எல்லாவற்றையும் டெலிபோனிலும் கோயில் வீதியிலும் கதைத்துக் கடந்து வந்தவர்கள். அடுப்பும் பேரப்பிள்ளையும் குறுக்கே வராமல் இரண்டு மூன்று நாள் சேர்ந்திருக்க அவர்களுக்குக் கிடைப்பதே அபூர்வம். மலையும் தேயிலையும் அந்த நேரத்துக்குத் துணை. திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்ரியிடம் நேரே கேட்காமல் இருப்பது

"அவவுக்கு எல்லாம் ஓகே பிள்ளை, நீ புக் பண்ணு" என்று அம்மா சொல்வார். அதை நம்பி நிறுத்திக்கொள்ளக்கூடாது. அன்ரியைக் கேட்டாலும் "எங்கை கூட்டிக்கொண்டு போனாலும் வருவன்" என்பார். அந்தத் தலைமுறைப் பெண்கள் இன்னொருவர் வாகனத்தில் ஏறும்போது தங்கள் தேவையைச் சொல்வதைக் கரைச்சல் கொடுப்பதாக நினைக்கிறார்கள். அதனால் பதில் சொல்லக்கூடிய மாதிரிக் கேளுங்கள். வளைவு ரோட்டில் தலை சுற்றுமா? எத்தனை படி ஏறலாம், இறங்கும்போது முழங்கால் நோகுமா? இரவில் எத்தனை தரம் எழும்புவீங்கள்? அந்த வாரத்தில் சதுர்த்தி, சஷ்டி, பிரதோஷம் என்று விரதம் ஏதும் வருகிறதா? என்ன மருந்து, எத்தனை மணிக்கு? கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற அவருடைய பிள்ளைகளில் ஒருவரின் வாட்ஸ்அப் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

அன்ரிக்குப் பார்க்க ஆசையான இடம் எது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஹட்டனிலோ கொட்டகலையிலோ ஒரு காலத்தில் படிப்பித்த ரீச்சர்மார் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய பள்ளிக்கூட வாசலில் இருபது நிமிடம் நிற்கக் கிடைப்பது அவர்களுக்கு எந்த நீர்வீழ்ச்சியையும் விடப் பெரிது. அந்த இடம் உங்கள் வழியிலேயே இருக்கும், ஆனால் கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.

காசு விஷயத்தையும் முதலே பேசிவிடுங்கள். "நீங்கள் ஒன்றும் தரவேண்டாம்" என்பது பாசமாகத் தோன்றும். மூன்று நாளும் ஒரு சதம்கூடச் செலவழிக்க விடாவிட்டால் அவர் ஒவ்வொரு பிளேன்டீக்கும் கூச்சப்படுவார். ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு, அல்லது கோயில் அர்ச்சனைச் செலவு, இது உங்களுடையது அன்ரி என்று ஒதுக்கிக் கொடுத்தால் நிம்மதியாக இருப்பார்.

இரண்டு பேரையும் பிரித்து இருத்துவது

மரியாதை என்று நினைத்து அம்மாவை முன்னுக்கும் அன்ரியைப் பின்னுக்கும் இருத்துகிறோம். அம்மா கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கதைக்கிறார், அன்ரி முன்னுக்குச் சாய்ந்து "என்ன? என்ன?" என்று கேட்கிறார். அவிசாவளை வருவதற்குள் இரண்டு பேருக்கும் கழுத்து நோ. தம்பியோ தங்கையோ கூட வந்தால் அவர்களை முன்னுக்கு விட்டு, பெரியவர்கள் இருவரையும் பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க விடுங்கள். ஒருவருக்குத் தலைசுற்றல் இருந்தால் மட்டும் கிதுல்கலைக்கு அப்பால் அவரை முன்சீட்டுக்கு மாற்றுங்கள். தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் வயிறு பிரட்டுவது குறையும், போனைப் பார்த்தால் கூடும். தலைசுற்றலுக்கான மாத்திரையை வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பலன் குறைவு. அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அது நித்திரையும் கொண்டுவரும், வேறு மருந்துகளோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம் என்பதால் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். பின்சீட்டிலும் பெல்ட் போட வையுங்கள். சேலை கசங்கும் என்று இருவரும் மறுப்பார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உயரமான வான் வண்டியில் ஏறுவது முழங்கால் நோ உள்ளவர்களுக்குப் பெரிய பாடு. வாடகைக்கு எடுப்பதானால் படி எவ்வளவு உயரம், கைபிடி இருக்கிறதா என்று போய்ப் பார்த்து எடுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் டிக்கியில் கிடந்தால் போகிற இடமெல்லாம் உதவும்.

பாட்டும் வேண்டாம், நீங்களும் அதிகம் கதைக்க வேண்டாம். அவர்கள் கதைக்கட்டும். உங்களுக்குத் தெரியாத உங்கள் அம்மாவைப் பற்றி அன்று நிறையக் கேட்பீர்கள்.

தண்ணீர் குடிக்காமல் வருவதைக் கவனிக்காமல் விடுவது

எல்லாவற்றையும் விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். வயதான பெண்கள் தூரப் பயணம் என்றால் முதல்நாள் இரவே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். வழியில் டொய்லெட் கேட்கக் கூச்சம், கிடைக்கிற டொய்லெட் எப்படி இருக்குமோ என்ற பயம். பிரஷருக்கு 'தண்ணிக் குளிசை' (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) எடுக்கிற சிலர் அன்று காலை அதையும் போடாமல் விடுகிறார்கள். விளைவு, நுவரெலியாவுக்குக் கிட்டே நானுஓயாவில் மயக்கமும் தலையிடியும். "மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக்கொள்வோம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம்தான். அந்த உயரத்தில் பெரும்பாலும் யாருக்கும் மூச்சுமுட்டாது, தண்ணீர் இல்லாத உடம்புதான் சோர்கிறது.

இதற்கு மருந்து, யாரும் கேட்க முன் நிறுத்துவது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் "எனக்குத் தேத்தண்ணி வேணும்" என்று நீங்களே ஒதுக்கி நிறுத்துங்கள். உங்களுக்காக நிற்கிறது என்றால் அவர்கள் சங்கடம் இல்லாமல் இறங்குவார்கள். அவிசாவளைச் சாப்பாட்டுக் கடை, கிதுல்கலையில் களனி கங்கைக் கரை விடுதிகள், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை விற்பனை நிலையங்கள் என்று இடங்களை முதலே குறித்து வையுங்கள். நீங்கள் முன்னால் போய்ச் சுத்தமா, ஈரமில்லையா, கொமட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து கூப்பிடுங்கள். முழங்கால் மடக்க முடியாதவருக்குக் குந்தும் டொய்லெட் எந்த உதவியும் இல்லை. டிஷ்யூ, சவர்க்காரம், மாற்றுச் செருப்பு ஒரு பையில் இருக்கட்டும். இறங்கினால் நாலு எட்டு நடக்கவும் வையுங்கள், நீண்ட நேரம் மடக்கியே வைத்தால் கால் வீங்கும்.

இன்சுலின் பாவிக்கிறவர் என்றால் அதைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விடக்கூடாது, ஐஸில் நேரே படவும் கூடாது. மருந்துப் பை டிக்கியில் போகாமல் அவர் மடியிலேயே இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் பிந்தினால் சீனி இறங்கிவிடும். இடியப்பப் பார்சலும் வாழைப்பழமும் கையில் இருந்தால் வழியில் கடை தேடித் தவிக்கத் தேவையில்லை.

மலை ரோட்டைக் கொழும்பு–காலி வீதி மாதிரி நினைப்பது

அவிசாவளையில் தொடங்கும் ஏ7 பாதை கிதுல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போகிறது. கொழும்பில் இருந்து மொத்தம் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். மேப் ஐந்து மணி நேரம் சொன்னால் நீங்கள் ஏழு என்று வையுங்கள். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் நுகேகொடை, மகரகம நெரிசலுக்கு முன் தப்பலாம். மத்தியானத்துக்குப் பிறகு மலையில் புகார் (மூடுபனி) இறங்கும், ஆகவே வெளிச்சத்தோடு போய்ச் சேருவது முக்கியம். இரவில் அந்த ரோடுகளில் போகவே வேண்டாம். 2025 செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது இரவில்தான். அதே வருடம் மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் காவுகொண்ட பஸ் விபத்து விடியும் முன் நடந்தது.

நானுஓயாவில் ரதெல்ல குறுக்குப்பாதை என்று ஒன்று இருக்கிறது. மேப் அதைச் சுருக்கவழியாகக் காட்டலாம். சரிவு மோசம். 2023 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சம் பிடிக்க அம்மாமாரோடு அதில் இறங்காதீர்கள், பிரதான வீதியிலேயே போங்கள்.

இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தபடியே வருவது கொழும்புச் சாரதிகளின் பழக்கம். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அக்குவா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் என்றால் இறக்கத்துக்கென்றே 'B' நிலை இருக்கிறது. ஒடுங்கிய வளைவில் ஏறி வருகிற வாகனத்துக்கு வழிவிடுங்கள்.

மழையையும் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். ஹட்டனுக்கு முன்னால் வரும் வட்டவளை இலங்கையிலேயே மழை அதிகமான இடங்களில் ஒன்று. இந்தப் பாதைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஆனால் அது சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம், வார இறுதியிலும் போயா தினத்திலும் ஹட்டன் நெரியும், ஆகவே கிழமை நாளில் போங்கள். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம். அறை விலையும் சனமும் கூடும், இரண்டு அம்மாமார் ஆறுதலாக நடக்க இடம் இராது. வெளிக்கிட முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, இலவச அம்புலன்ஸ் 1990, இரண்டும் போனில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது

ஒரு நாளைக்கு இரண்டு இடம். அதற்கு மேல் வேண்டாம். டெவன் நீர்வீழ்ச்சியும் (97 மீட்டர்) சென்ட் கிளேயரும் தலவாக்கலைக்குக் கிட்டே ரோட்டில் இருந்தே தெரிகின்றன, படி இறங்கத் தேவையில்லை, ஒரு தேத்தண்ணியோடு பார்க்கலாம். இளமையில் சென்ட் கிளேயரைப் பார்த்தவர்களிடம் மட்டும் முதலே சொல்லி வையுங்கள்: 2012இல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு அதில் பழைய தண்ணீர் இல்லை.

கோயில் இல்லாமல் இந்தப் பயணம் நிறையாது. சீதாஎலியவில் சீதை அம்மன் கோயில் வெலிமடை வீதியோரத்திலேயே இருக்கிறது. 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு அப்பால் 1861இல் தொடங்கிய ஹக்கலை தாவரவியல் பூங்கா. இரண்டையும் ஒரு காலையில் ஆறுதலாகப் பார்க்கலாம். றம்பொடையில் சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோயில் மேட்டில் இருக்கிறது, அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதால் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். ஓட்டமாக ஓடிப்போய்ப் பூட்டிய கதவைக் கும்பிட வைப்பது பாவம்.

கொழுந்து பறிக்கிற பெண்களைக் காரை நிறுத்திப் படம் எடுப்பதை விடுங்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். உங்கள் அம்மாமாரே இறங்கிப் போய் "எப்படிப் பிள்ளை, சுகமா?" என்று தமிழில் கதைக்கட்டும். படம் வேண்டுமென்றால் கேட்டு, அவர்கள் விரும்பினால் எடுக்கலாம்.

தனித்தனி அறை, மேல்மாடி அறை

அவர்களுக்கு இரண்டு கட்டில் உள்ள ஒரே அறை போதும். இரவில் லைட்டை அணைத்த பிறகுதான் அவர்களின் உண்மையான கதை தொடங்கும். தரைத்தளம், டொய்லெட் அறைக்குள், சுடுதண்ணி, வழுக்காத தரை, இவை நான்கும் ஹோட்டலிடம் போனில் கேட்டு உறுதிப்படுத்த வேண்டியவை. வடிவான காட்சி என்று மூன்றாம் மாடியைத் தந்தால் மறுத்துவிடுங்கள். குளிரைக் கொழும்புக்காரர் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஸ்வெட்டரோடு காலுறை, கழுத்துக்கு ஒரு சால்வை, சித்தாலேப தைலம், சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் இரண்டு செட் எடுங்கள். அன்ரி தன் வீட்டில் இருந்து மெல்லிய சால்வை ஒன்றுதான் கொண்டுவருவார்.

திரும்பும் நாளை வீணாக்குவது

வந்த வழியே திரும்பாமல் றம்பொடை, கம்பளை, கடுகண்ணாவை வழியாக இறங்கினால் காட்சி புதிது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுவோம் என்று இருந்தால் கண்டி வீதி நெரிசலில் இருட்டிவிடும். காலைச் சாப்பாட்டோடு புறப்படுங்கள், லீக்ஸும் கரட்டும் வாங்க அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். அதை இரண்டு பேரும் கட்டாயம் கேட்பார்கள்.

கொழும்பு வந்ததும் முதலில் அன்ரியை அவர் வீட்டில் இறக்குங்கள். வாசலில் பையை வைத்துவிட்டு ஹோர்ன் அடித்துப் போகாமல், பிளாட் என்றால் மேலே அவர் கதவு வரை சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவருடைய பிள்ளைக்கு "அம்மா வந்திட்டா" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். எடுத்த படங்களில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற ஒன்றை நல்லதாகப் பார்த்து ஸ்டூடியோவில் இரண்டு பிரதி பிரிண்ட் போட்டு, அந்தக் கிழமைக்குள் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். போனில் இருக்கிற படத்தைப் பார்க்க அவர்கள் ஒவ்வொரு தடவையும் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கும்.