இல்லாத நாட்டுக்கு அதிபர் வரலாறு எழுதுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுவார்கள். எல்லாரும் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கும் ஐந்தும் படிப்பவர்கள். கதை எழுதும் ஆசை உள்ளவர்கள். ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு கற்பனை நாடு இருக்கிறது. வரைபடம் வரைந்து, கொடிக்கு வண்ணம் தீட்டி, இருபது அதிபர்களின் பெயர்களையும் எழுதிக் கொண்டுவருவார்கள். பெயர்கள் அழகாகவே இருக்கும். "மூன்றாமவர் ஏன் போனார்? நான்காமவர் எப்படி வந்தார்?" என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்தைக் கடப்பதற்கான வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மாதிரிக்கு நாங்கள் சேர்ந்து உருவாக்கிய 'ஏழாற்றுக் கூட்டரசு' என்ற குடியரசையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பெயர்ப் பட்டியலை மூடிவைத்துவிடுங்கள். அது கடைசியில்தான் வேண்டும்.

முதல் படி: எந்த மாநிலத்தில் என்ன விளைகிறது?

கூட்டரசு என்றால் பல மாநிலங்கள். ஒவ்வொன்றும் எதை விற்றுப் பிழைக்கிறது என்று எழுதுங்கள். ஏழாற்றில் வெண்மணல் துறைமுக மாநிலம், பால்மேடு முழுக்க ரப்பர், ஈயத்துறையில் ஈயம், மற்ற நான்கிலும் நெல், மீன், மரம். இதை எழுதியவுடனே யாருக்கு யாரோடு பகை என்பது பாதி தெரிந்துவிடும். பால்மேட்டின் ரப்பர் வெண்மணல் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேற வேண்டும். துறைமுக வரியை யார் முடிவுசெய்வது?

விளைச்சல் அதிபரைத் தீர்மானிக்குமா என்று ஒரு பிள்ளை கேட்டான். பிரேசிலைப் பாருங்கள். அங்கே 1889-இல் குடியரசு வந்தது. 1930 வரையிலான காலத்தின் பெரும்பகுதியில் காப்பி விளையும் சாவோ பாவ்லோவும் பால் பண்ணைகள் நிறைந்த மினாஸ் ஜெராய்ஸும் அதிபர் பதவியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. 'காப்பியும் பாலும்' என்றே அந்த அரசியலுக்குப் பெயர். 1929-இல் அதிபர் வாஷிங்டன் லூயிஸ் தமக்கு அடுத்தவராக மீண்டும் ஒரு சாவோ பாவ்லோக்காரரையே நிறுத்தினார். மினாஸ் பிரிந்துபோனது. காப்பி விலையும் அதே வேளையில் சரிந்தது. 1930-இல் புரட்சி நடந்து, கெத்துலியோ வர்காஸ் ஆட்சியைப் பிடித்தார். ரப்பர் பால் விலை ஏறினால் சம்பளம் ஏறும், இறங்கினால் அடுப்பு அணையும் என்று வாழ்ந்த தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பாடநூல் தேவையில்லை.

இரண்டாம் படி: சட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள், அதில் ஓர் ஓட்டை விடுங்கள்

யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை ஆண்டு, எத்தனை முறை, இடையில் இறந்தால் என்ன ஆகும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதினால் போதும். சட்டம் எழுதியவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் அவசரத்தில் எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து எழுதப்பட்ட சட்டத்திலிருந்து கதை பிறக்காது.

நைஜீரியாவில் 1979 தேர்தலுக்கு ஒரு விதி இருந்தது. அதிக வாக்கு வாங்கினால் மட்டும் போதாது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில், ஒவ்வொன்றிலும் நான்கில் ஒரு பங்கு வாக்காவது பெற வேண்டும். ஒரே வட்டாரத்தின் ஆள் நாட்டையே பிடித்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மாநிலங்கள் 19. மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? 12⅔. ஷெஹு ஷகாரி 12 மாநிலங்களில் அந்த அளவைத் தாண்டியிருந்தார். அவரை எதிர்த்து நின்ற அவொலோவோ, 13 வேண்டும் என்று வழக்காடினார். உச்ச நீதிமன்றம்வரை போய், தீர்ப்பு ஷகாரிக்குச் சாதகமாக வந்தது. ஒரு பின்ன எண்ணில் ஒரு நாட்டின் தலைமை தொங்கியது!

இதைப் படித்த அன்றே ஏழாற்றுக்கும் இதே விதியை வைத்தோம். ஏழில் மூன்றில் இரண்டு பங்கு 4⅔. இனி எந்தத் தேர்தலிலும் வழக்கு வரலாம்.

மூன்றாம் படி: முதல் அதிபரும் அவர் விட்டுச்செல்லும் வழக்கமும்

இங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம். முதல் ஆள் சட்டத்தில் இல்லாத ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைக்கட்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் இரண்டு தவணையோடு விலகினார்; அது சட்டமல்ல, வெறும் வழக்கம். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகுதான், 1951-இல், இரண்டு முறைக்கு மேல் கூடாது என்பது அரசியல் சட்டமானது. வழக்கம் எப்போது உடையும் என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நாற்காலியைக் காலியாக்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். அதிபர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனால், அந்த நாட்டின் உண்மையான குணம் அன்று வெளியே வரும்.

1841-இல் அமெரிக்க அதிபர் ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தார். துணை அதிபர் டைலர் அதிபராகவே ஆகிறாரா, அல்லது அதிபரின் வேலையை மட்டும் பார்க்கிறாரா? சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை. டைலர் முழு அதிபராகவே சத்தியப் பிரமாணம் செய்தார். அவர் செய்தது சரி என்று சட்டமே சொன்னது 1967-இல், 126 ஆண்டுகள் கழித்து.

இந்தியாவில் 1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார், பிறகு தேர்தலில் நிற்பதற்காக விலகினார். இப்போது இரண்டு நாற்காலிகளும் காலி. தலைமை நீதிபதி இதாயத்துல்லா ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பொறுப்பைப் பார்த்தார். ஆனாலும் குடியரசுத் தலைவர்களின் வரிசை எண்ணில் அவருக்கு இடமில்லை.

நம் நாட்டையே பாருங்கள். மாநில மன்னர்கள் கூடித் தங்களுள் ஒருவரை நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள்; அவரே மாமன்னர். 1960 ஏப்ரல் 1-இல் முதல் மாமன்னர் மறைந்தார். மன்னர்கள் கூடித் தேர்ந்தெடுத்த இரண்டாம் மாமன்னர் அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் மறைந்தார். ஒரே ஆண்டில் இரண்டு முறை அரியணை காலியானது. நம் சட்டத்தில் துணை மாமன்னர் தாமாக மாமன்னர் ஆவதில்லை. மன்னர்கள் மீண்டும் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று நாடுகள், மூன்று விடைகள். உங்கள் நாட்டின் விடை எது?

ஏழாற்றில் எங்கள் சட்டம் "துணை அதிபர் கடமைகளைக் கவனிப்பார்" என்று மட்டும் சொல்கிறது. பால்மேட்டிலிருந்து வந்த இரண்டாம் அதிபர் 13-ஆம் ஆண்டில் இறக்கிறார். வெண்மணலைச் சேர்ந்த துணை அதிபர் 15-ஆம் ஆண்டின் முடிவுவரை ஆள்கிறார். வெண்மணல் பள்ளிகளில் அவர் மூன்றாம் அதிபர். பால்மேட்டுப் பள்ளிகளில் அவருக்கு எண்ணே கிடையாது. ஆகவே அதற்குப் பின் வந்த ஒவ்வோர் அதிபருக்கும் இரண்டு மாநிலங்களிலும் வரிசை எண் வேறுவேறு! இதைக் கண்டுபிடித்தவள் படிவம் நான்கு படிக்கும் ஒரு பெண். நான் கைதட்டிவிட்டேன்.

ஐந்தாம் படி: கணக்கு

இப்போது மூடிவைத்த பட்டியலைத் திறக்கலாம். ஐந்தாண்டுத் தவணை 1-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தால் 5-ஆம் ஆண்டின் முடிவில் முடியும். 6 என்று எழுதாதீர்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, பதவியேற்ற வயது, போன காரணம் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதுங்கள்.

ஆறாம் படி: பெரட்டுக் களத்திலிருந்து பாருங்கள்

பெரட்டு என்பது தோட்டத் தொழிலாளர்கள் விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்க அணிவகுத்து நிற்பது. பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். தலைநகரில் நடப்பதோடு வரலாறு முடிந்துவிடுவதாக நினைக்கிறார்கள். நம் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 1948 ஜூன் 16-இல் மூன்று ஐரோப்பிய துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சில நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. பால் வெட்டும் காட்டில் கேட்ட துப்பாக்கிச் சத்தம் ஒரு நாட்டின் பன்னிரண்டு ஆண்டுகளைத் திருப்பிப்போட்டது. அப்படியிருந்தும், அந்த நாள்களில் நிரை பிடித்து (வரிசை வரிசையாக) ரப்பர் மரம் வெட்டியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நம்மவர்கள் மிகக் குறைவாகவே எழுதிவைத்திருக்கிறோம். அந்தக் குறை என்னை இன்றும் வருத்துகிறது. உங்கள் கற்பனை நாட்டிலாவது அந்தப் பக்கம் காலியாக இருக்க வேண்டாம்.

ஆகவே பயிற்சி இது. 13-ஆம் ஆண்டு, பால்மேட்டில் ஒரு தோட்டம். விடியுமுன் பெரட்டு. தங்கள் மாநிலத்து அதிபர் இரவில் இறந்துவிட்ட செய்தியைத் தோட்டத்து எழுத்தரான கிராணி சொல்கிறார். அன்று வெட்டு உண்டா, இல்லையா? யார் அழுகிறார்கள், யார் சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்? ஒரு வாரம் கழித்து அலுவலகச் சுவரில் புதியவரின் படத்தை மாட்ட வேண்டும். படத்துக்குக் கீழே 'அதிபர்' என்று எழுதச் சொல்கிறது தலைநகரின் சுற்றறிக்கை. 'அதிபரின் கடமைகளைக் கவனிப்பவர்' என்று எழுதச் சொல்கிறது மாநில அரசு. தூரிகையோடு நிற்பவர் தோட்டத்துத் தச்சர். அவர் எதை எழுதினார் என்பதை இரண்டு பக்கங்களில் எழுதி, அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்.