ஏலத்தோட்டத்து ஜீப்: முன்பக்கம் கிரீஸ் அடிக்கும் முறை

கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஓடும் பழைய ஃபோர் வீல் ஜீப்பில் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) கிரீஸ் கன்னை மாட்டி நாலு அழுத்து அழுத்தினால் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் வெளியே வந்தால்தான் புதியது போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கைக் கிரீஸ் கன், 2ஆம் நம்பர் லித்தியம் கிரீஸ் ஒரு கிலோ, கொஞ்சம் டீசல், பனியன் வேஸ்ட், நாலைந்து உதிரி நிப்பிள் போதும். வேறு வகைக் கிரீஸைக் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும்.

சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவர் (ஃபோர் வீலுக்கு மாற்றும் கம்பி) 2 வீலில் இருக்கட்டும். ஜாக்கியை ஆக்ஸிலில் கொடுக்காமல் அடிச்சட்டமான சேஸியில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது.

சேஸியில் தூக்குவதற்குக் காரணம் உண்டு. வண்டியின் எடை சாக்கிள் (இலை ஸ்பிரிங்கைச் சேஸியோடு இணைக்கும் பட்டை) மேல் இருக்கும்போது அதிலுள்ள இரும்புப் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் ஒரு பக்கம் நெருக்கி நிற்கும். தேய்கிற அந்தப் பக்கத்துக்குக் கிரீஸ் போகவே போகாது. எடை விலகினால் இடைவெளி திறக்கும். நிப்பிளைத் துடைத்துவிட்டு (துடைக்காவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும்) இரு ஓரத்திலும் புதுக் கிரீஸ் தெரியும்வரை அடியுங்கள். ஏறவில்லையா? நிப்பிளைக் கழற்றிப் புதியது போடுங்கள், பெரும்பாலும் அடைப்பு அதில்தான். ரப்பர் புஷ் மாற்றிய வண்டியில் அங்கே கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும்.

முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடு எண்டுகளில் ரப்பர் உறை லேசாக உப்பியதும் நிறுத்துங்கள். உறை கிழிந்தால் அடுத்த மழையிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும்.

‘ஃபோர் வீலே போடுவதில்லையே’ என்று முன் ஆக்ஸிலுக்குச் சுழற்சி கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை விட்டுவிடுவார்கள். ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இல்லாத ஜீப்பில் அது எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கையால் திருப்பி, கிராஸின் (ஷாஃப்ட் மூட்டிலுள்ள சிலுவைத் துண்டு) நாலு கப்பிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கிறதா பாருங்கள். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் பகுதியான ஸ்பிளைனுக்கு இரண்டு மூன்று அழுத்து போதும். மிஞ்சினால் மூடி தெறித்துவிடும்.

மூடிய நக்கிள் (முன்சக்கரம் திரும்பும் உருண்டை மூட்டு) உள்ள மாடலில் கிரீஸ் நிரப்பும் பிளக்கின் கீழ் விளிம்பு மட்டத்தைத் தாண்டி நிரப்பாதீர்கள். கூடுதல் கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் இறங்கும்.

1,500 கி.மீ.க்கு ஒருமுறை இதைச் செய்யலாம். ஓடையில் இறங்கி ஏறிய நாளில் கிலோமீட்டர் பார்க்காதீர்கள். சாக்கிளில் கிரீஸ் பால் போல வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, வெளுப்பு நிற்கும்வரை அடியுங்கள்.