ஊர்த் தண்ணீர்: கடைசி வீட்டுக் குழாயிலிருந்து தொடங்குங்கள்

பர்மாவின் மோன் மாநிலத்தில் தட்டோன் வட்டாரத்து மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். 84 வீடுகள், ஏறக்குறைய 430 பேர். தமிழரும் மோன் மக்களும் கரேன் மக்களும் பர்மியரும் கலந்து வாழ்கிறோம். ஒரு கோயில், புத்த பிக்குகள் வாழும் ஒரு பொங்கி மடம், ஒரு பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது. இதற்கு எங்களுக்கு இரண்டு கோடைகள் தேவைப்பட்டன. ஒரே கோடையில் முடித்திருக்கலாம். நாங்கள் சிக்கிய இடத்தில் நீங்களும் சிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிணறு தோண்டுவதையும் பைப் ஒட்டுவதையும் வால்வு பூட்டுவதையும் இங்கே விளக்கவில்லை. அதற்குத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஏப்ரல் மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். பங்குனி உத்திரம் முடிந்த சூட்டோடு பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானும் சித்திரைப் பிறப்பும் வந்துவிடும். ரங்கூனிலிருந்தும் மௌல்மேனிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். ஆண்டிலேயே அதிகமாகத் தண்ணீர் செலவாகும் அந்த நாட்களில்தான் கிணறும் ஆண்டிலேயே தாழ்ந்து கிடக்கும்.

உலக சுகாதார நிறுவனம் அடிப்படைத் தேவையாகச் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். குளிக்கவும் துவைக்கவும் அது போதாது. நான் 50 லிட்டர் வைத்தேன். 430 பேருக்கு 21,500. கோயில், மடம், பள்ளிக்கு 1,000 லிட்டர் சேர்த்தேன். அதன்மேல் கசிவுக்கு நூற்றுக்குப் பதினைந்து. ஆக, சுமார் 26,000 லிட்டர். கசிவே இராது என்று யாராவது சொன்னால், அவர் இதுவரை குழாய் பதித்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு தாங்குமா?

200 லிட்டர் டிரம் ஒன்று, கைக்கடிகாரம், கல் கட்டிய கயிறு. வேறு கருவி வேண்டாம். பம்பை ஓடவிட்டு டிரம் நிறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 150 விநாடி, அதாவது மணிக்கு 4,800 லிட்டர். 26,000 லிட்டருக்கு ஐந்தரை மணி நேரம் இறைக்க வேண்டும். எனவே ஆறு மணி நேரம் நிறுத்தாமல் இறைத்து, அரை மணிக்கு ஒரு முறை கயிற்றை இறக்கி நீர்மட்டத்தைப் பாருங்கள். மட்டம் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் கிணறு தாங்கும். இறங்கிக்கொண்டே போனால் தாங்காது.

இந்தச் சோதனையை நாங்கள் முதலில் நவம்பரில் செய்தோம். நீர்மட்டம் 31 அடியில் நின்றது. மகிழ்ச்சியோடு பம்பை 45 அடியில் இறக்கினோம். மறு ஏப்ரலில் மட்டம் 47 அடிக்குப் போனது, பம்ப் காற்றை இழுத்தது. சோதனையை ஏப்ரலில்தான் செய்ய வேண்டும். அதற்காக ஐந்து மாதம் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருங்கள்.

பம்புக்கு என் தேர்வு சூரிய மின்சாரம், பேட்டரி இல்லாமல். மின்வாரியத்து மின்சாரத்தை நம்பி ஒரு ஊரின் குடிநீரை வைக்க முடியாது. டீசல் விலையோ நம் கையில் இல்லை. பேட்டரி வாங்கும் பணத்தில் பெரிய தொட்டி கட்டுங்கள். மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது மலிவு.

உயரமும் குழாயின் விட்டமும்

தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்ததுதான் குழாயின் அழுத்தம்: 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் (அழுத்தத்தின் அலகு). மலைச்சரிவு பக்கத்தில் இருந்ததால் நாங்கள் கோபுரம் கட்டவில்லை. ஊரைவிட 15 மீட்டர் மேலே சரிவில் 3,000 கேலன் தொட்டி கட்டினோம், அதாவது ஏறக்குறைய 13,600 லிட்டர். அரை நாள் தேவைக்குப் போதும்.

விட்டத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள். அந்த நேரத்து ஓட்டம் நாள் சராசரியைப் போல மூன்று மடங்கு என்று வைத்தால், எங்களுக்கு விநாடிக்கு 0.9 லிட்டர். உள்விட்டம் 2 அங்குலமுள்ள குழாயில் அந்த ஓட்டம் 600 மீட்டர் போக, உராய்வில் இழக்கும் உயரம் மூன்று நான்கு மீட்டர். அதே ஓட்டத்துக்கு ஒன்றேகால் அங்குலக் குழாய் என்றால் இழப்பு ஏறக்குறைய 30 மீட்டர். நம்மிடம் இருப்பதோ 15. கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். விலை குறைவு என்று ஒன்றேகால் அங்குலக் குழாயை வாங்கச் சொன்னவர்கள் எங்கள் ஊர்த் தண்ணீர்க் குழுவிலும் இருந்தார்கள். இந்தக் கணக்கைக் கோயில் திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் உச்சியில் சிக்கும் காற்றை வெளியே விட ஒரு காற்று வால்வு, பள்ளத்தில் சேரும் வண்டலைக் கழிக்க ஒரு கழிவு வால்வு. வால்வு பித்தளையாக இருக்கட்டும்.

குளோரினைத் தின்னும் இரும்பு

எங்கள் ஒரு கோடையை விழுங்கியது இந்தப் படிதான். பொறுமையாகப் படியுங்கள்.

பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் என்று கொள்ளலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால், ஒரு தொட்டித் தண்ணீருக்கு 82 கிராம் பவுடர். கலந்து அரை மணி நேரம் கழிந்த பின்னும் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் மிஞ்ச வேண்டும். குழாய் முனையில் குறைந்தது 0.2 மில்லிகிராம். அந்த மிச்சம்தான் வழியில் சேரும் கிருமியைக் கொல்லும்.

82 கிராம் போட்டோம். கடைசி வீட்டில் சோதித்தால் பூச்சியம். தொட்டியிலும் பூச்சியம். பவுடர் பழசு என்று நினைத்துப் புது மூட்டை வாங்கினோம். அப்போதும் பூச்சியம். அளவை இரண்டு மடங்காக்கினோம். தொட்டிக்குப் பக்கத்து வீடுகளில் நெடி தாங்கவில்லை, கடைசி வீட்டிலோ அப்போதும் ஒன்றும் மிஞ்சவில்லை. இதற்கிடையே தண்ணீர் செந்நிறமாகத் தொடங்கியது. திருவிழாவுக்காகத் துவைத்துக் காயப்போட்ட வேட்டிகளில் செம்மண் கரை போலப் பட்டை பட்டையாகக் கறை.

விடை கடைசி வீட்டுப் பாட்டியிடமிருந்து வந்தது. "தம்பி, இங்கே வந்து இதைப் பாருங்கள்" என்று கூப்பிட்டு, மேசையிலிருந்த கோப்பையைக் காட்டினார். நம் நாட்டில் எந்தக் கடையிலும் வீட்டிலும் இருக்கும் வெறும் பச்சைத் தேநீர்தான். பொன்னிறமாக இருக்க வேண்டியது. கறுப்பும் ஊதாவும் கலந்து, பேனா மை கரைத்தது போல இருந்தது. விளிம்பில் மெல்லிய ஏடு படிந்திருந்தது. மழைநீரில் போட்ட இன்னொரு கோப்பையைப் பக்கத்தில் வைத்தார். அது தேன் நிறம்.

தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். எங்கள் நிலம் செம்புரைக்கல் நிலம். நிலத்தடியில் இரும்பு கரைந்தே இருக்கும். இறைக்கும்போது தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். காற்றோ குளோரினோ பட்டால்தான் துருவாகிச் சிவக்கும். ஒரு மில்லிகிராம் இரும்பு துருவாக மாற ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் குளோரினை எடுத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்பு. நாங்கள் போட்ட 2 மில்லிகிராம் குளோரினும் அதற்கே சரியாகப் போயிருக்கிறது. அளவைக் கூட்டியபோது தொட்டிக்கருகே நெடி மிஞ்சியது, குழாயெல்லாம் துரு படிந்தது.

ஆகவே முதலில் தேநீர்ச் சோதனை செய்யுங்கள். தேநீர் கறுத்தால் குளோரினைப் பற்றி யோசிக்கும் முன் இரும்பை எடுக்க வேண்டும். அதற்குக் காற்றே போதும். அடியில் சிறு துளைகள் போட்ட மூன்று தட்டுகளை ஓரடி இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இறைக்கும் தண்ணீரை மேல்தட்டில் விட்டோம். தட்டுகளில் பா-ஆன் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் போட்டோம். செம்புரைக்கல் நிலத்துத் தண்ணீரில் சற்றுப் புளிப்பு இருந்தால் இரும்பு துருவாகத் தாமதமாகும். சுண்ணாம்புக்கல் அந்தப் புளிப்பை முறிக்கிறது. சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் ஒரு சிறு தொட்டியில் தங்கித் தெளிந்து, இரண்டரை அடி ஆற்று மணலின் வழியாக வடிந்து பெரிய தொட்டிக்குப் போகிறது. மணல் தொட்டிகள் இரண்டு வேண்டும். ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும். வாரம் ஒரு முறை மேல் அரை அங்குல மணலைச் சுரண்டிக் கழுவுகிறோம். அந்தக் கழுவுநீர் காவி நிறத்தில் ஓடுவதைப் பார்த்தால், முன்பு இவ்வளவும் நம் வீட்டுப் பிள்ளைகளின் குவளைக்குத்தானே போனது என்று மனம் பதறும்.

இப்போது தொட்டிக்கு 50 கிராம் பவுடரே போதுகிறது. தொட்டியில் 0.6, கடைசி வீட்டில் 0.3. பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும், துளை வழியாகத் தொட்டியில் சொட்டும் சொட்டு வாளியில் ஊற்றுங்கள். கலங்கலோடு ஊற்றினால் துளை அடைத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 100 கிராம் என்றால் ஒரு பர்மா வீசை 16 நாளைக்கு வரும். பெரிய மூட்டையாக வாங்காதீர்கள். நம் மழைக்கால ஈரத்தில் பவுடர் சீக்கிரம் வலுவிழந்துவிடும். இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், இரும்பு டப்பா ஆகாது.

சோதனைக்கு மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து மலிவாகக் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வேறு பொருளோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினையும் அது சேர்த்துக் காட்டும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி மாத்திரையை வாங்குங்கள். தனித்து நிற்கும் குளோரினை மட்டும் அது காட்டும்.

இரவில் கசிவைப் பிடிப்பது

மாதம் ஒரு முறை, பம்ப் ஓடாத பின்னிரவு இரண்டு மணிக்குத் தொட்டியில் ஓர் அளவுகோலை விட்டுப் பாருங்கள். நான்கு மணிக்கு மறுபடி பாருங்கள். எங்கள் தொட்டியின் நீளம் 10 அடி, அகலம் 8 அடி. ஓர் அங்குலம் இறங்கினால் 40 கேலனுக்கு மேல் போயிருக்கிறது என்று பொருள். ஊரே தூங்கும்போது அவ்வளவு யார் குடித்திருப்பார்கள்? பிறகு கிளை வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் எந்தத் தெரு என்பது தெரிந்துவிடும்.

பணமும் ஆளும்

தண்ணீரைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். தொண்டாகச் செய்கிறேன் என்று முன்வருபவர் மூன்று மாதம் செய்வார். மணல் கழுவுவதும் நாள்தோறும் குளோரின் பார்ப்பதும் வேலை, வேலைக்குக் கூலி வேண்டும். கட்டணம் போடும்போது அவர் சம்பளம், பவுடர், பழுதுச் செலவு மூன்றையும் கூட்டுங்கள். பம்பின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து வரும் தொகையையும் சேர்த்து, வீட்டு எண்ணிக்கையால் வகுங்கள். பம்புக்கான தொகையை எடுத்து வைக்காத ஊரில், முதல் பம்ப் சாகும் நாளில் திட்டமும் சாகும்.

எப்போது வசூலிப்பது என்பதும் முக்கியம். எங்கள் பக்கம் ரப்பர் பால்வெட்டும் நெல்லும்தான் வருமானம். அடைமழை மாதங்களில் பால்வெட்டு நின்றுவிடும், கையில் காசு இராது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும்போது குழாய்க்குப் பணம் கேட்டால் யாருக்கும் மனம் வராது. அதனால் அறுவடை முடிந்ததும் தை, மாசியில் ஆண்டுக் கட்டணத்தில் பாதிக்கு மேல் வாங்கிவிடுகிறோம்.

கணக்கைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதிக் கோயில் வாசலிலும் பொங்கி மடத்திலும் ஒட்டுகிறோம். குழுவில் பெண்கள் பாதிப்பேர் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தண்ணீர் நின்றால் குடத்தோடு நடப்பவர்கள் அவர்கள். கடைசி வீட்டார் ஒருவரும் கட்டாயம் குழுவில் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1

மொத்தமா எனப்படும் மர்த்தபான் வளைகுடாக் கரையிலிருந்து ஒருவர், தங்கள் கிணறு உப்பு என்றும் என்ன செய்வது என்றும் கேட்டார். உப்பைத் தட்டும் மணலும் எடுக்காது. குடிக்கவும் சமைக்கவும் மழைநீரைச் சேமியுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். நம் கரையோரத்தில் மழைக்குப் பஞ்சமில்லை, சேமிக்கும் இடத்துக்குத்தான் பஞ்சம். ஐந்து பேருக்கு ஆளுக்கு 5 லிட்டர் வீதம் 150 நாளைக்கு 3,750 லிட்டர். அந்த அளவில் வீட்டுக்கொரு தொட்டி கட்டினால் போதும். குளிக்கவும் துவைக்கவும் ஊர்க்குளம் இருக்கட்டும். முதல் இரண்டு மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். கூரைத் தூசியெல்லாம் அதில்தான் வரும்.

பின்சேர்க்கை 2

ஐராவதி டெல்டாவிலிருந்து படித்த ஒருவர், தங்கள் ஆழ்குழாய்க் கிணற்றிலும் தேநீர் கறுக்கிறது, எங்களைப் போலத் தட்டு வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார். போதாது. டெல்டாவில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருப்பது தெரிந்த விஷயம். அதற்கு நிறமில்லை, சுவையில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. இரும்பை எடுக்கும்போது அதில் ஒரு பகுதி குறையலாம், அந்தப் பகுதியை நம்பிக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழாய்க்கு ஒரு காசு செலவழிக்கும் முன், கிணற்று நீரை ஆர்செனிக் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு கைக்கு வரும்வரை குடிப்பதற்கு மழைநீரோ குளத்து நீரைக் காய்ச்சியோ பயன்படுத்துங்கள்.