கௌச்சோ படம் பார்க்க உட்காரும் முன்

அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் குதிரையே வாழ்க்கையாக இருந்தவர்கள் கௌச்சோக்கள். அவர்களைப் பற்றி ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் என்றால், லியோனார்டோ ஃபாவியோ 1973இல் எடுத்த 'ஹுவான் மொரெய்ரா'வைப் பாருங்கள். நான் நான்கு முறை பார்த்துவிட்டேன். முதல் முறை குதிரை, கத்தி, ரத்தம் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடன் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். சார்தெத்தி என்ற கடைக்காரன் மொரெய்ராவிடம் பணம் வாங்கிவிட்டு, ஊர் நீதிபதி முன்னால் வாங்கவே இல்லை என்று சாதிக்கிறான். மொரெய்ராவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. கேட்கப் போனவனுக்குத்தான் தண்டனை. வேலைச் சீட்டு இல்லாத கௌச்சோவை ஊர்சுற்றி என்று பிடித்து எல்லைக் கோட்டைக்குப் படையாளாக அனுப்பிய காலம் அது. காகிதம் வைத்திருப்பவன் பக்கமே சட்டம் நிற்கும். இது புரிந்தால், அப்புறம் அவன் கத்தியை எடுப்பது ஏன் என்று யாரிடமும் கேட்க வேண்டாம்.

சண்டைக் காட்சிகளில் முகத்தை விட்டுவிட்டு இடது கையைப் பாருங்கள். போஞ்சோ என்கிற கம்பளிப் போர்வையை முன்கையில் சுற்றிக்கொள்வார்கள், அதுதான் கேடயம். ஃபகோன் என்ற நீளக் கத்தி இடுப்புக்குப் பின்னால், கச்சையில் சாய்வாகச் செருகியிருக்கும். வலது கை பின்னால் போனாலே ஆபத்து என்று அர்த்தம்.

மரணம் ஒரு பெண் உருவில் வந்து அவனோடு சீட்டாடும். கனவா, நிஜமா என்று குழம்ப வேண்டாம், அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். மொரெய்ரா உண்மையில் வாழ்ந்தவன்தான். ஆனால் செத்து ஆறு வருடம்கூட ஆகாத நிலையில் பத்திரிகைத் தொடர்கதை நாயகன் ஆனான். 1884இல் சர்க்கஸ் கூடாரத்தில் வசனமே இல்லாத ஊமை நாடகமும் ஆனான். ஃபாவியோ அந்தக் கூடாரத்துக் கதையைத்தான் எடுக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. படம் வெளியான நாள் 1973 மே 24. மறுநாள்தான் ராணுவ ஆட்சி முடிந்து, தேர்தலில் வென்ற காம்போரா பதவியேற்றார். அன்று அரங்கில் இருந்தவர்கள் இந்தக் கதையை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று கொஞ்சம் நினைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கடைசிக் காட்சிக்கு மட்டும் சப்டைட்டிலை அணைத்துவிட்டு, ஒலியைக் கூட்டி வையுங்கள். இடம் லோபோஸ் ஊர், 1874 ஏப்ரல் 30. சுற்றி போலீஸ். சுவரைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் தப்பிக்கலாம். மொரெய்ரா கையூன்றி ஏறும்போது சிரினோ என்ற சார்ஜென்ட் பின்னாலிருந்து துப்பாக்கி ஈட்டியைப் பாய்ச்சுவான். குத்துபவனைப் பார்க்காதீர்கள். சுவரைப் பிடித்திருக்கும் கைகளைப் பாருங்கள்.