முதன்முதலாகப் பானட்டைத் திறப்பவர்களுக்கு: காரை வீட்டிலேயே பராமரிக்கும் முறை

கார் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் பானட்டை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள் நம்மில் ஏராளம். உள்ளே இருப்பதெல்லாம் மெக்கானிக்குக்கு மட்டுமே புரியும் என்ற தயக்கம்தான் அதற்குக் காரணம். ஆனால் பெரிய செலவு வைக்கும் பழுதுகளில் பல ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. ஆயில் மெல்லக் குறைவது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சொட்டுவது, டயர் ஒரு பக்கமாகத் தேய்வது என்று வாரக்கணக்கில் அறிகுறி காட்டிவிட்டுத்தான் அவை வருகின்றன. குறைந்ததை நிரப்பிவிட்டு மறந்துவிடுவது பாதி வேலைதான். அது ஏன் குறைந்தது என்று கேட்கப் பழகுவதே மீதிப் பாதி. ஆகவே ஒவ்வொரு வேலையையும் செய்யும் முறையோடு, அப்போது கண்ணில் படுபவை எதைக் குறிக்கின்றன என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

காருடன் வந்த கையேட்டை முதலில் தேடி எடுத்து வையுங்கள். எந்தத் தரத்து ஆயில், எத்தனை லிட்டர், டயரில் எவ்வளவு காற்று, ஜாக்கியை எங்கே வைப்பது, எந்த ஃபியூஸ் எதற்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் இங்கே தரும் அளவுகள் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தக்கூடிய பொது அளவுகளே. உங்கள் கையேடு வேறொன்றைச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

சாக்கெட் ஸ்பேனர் செட், ஸ்க்ரூடிரைவர்கள், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர், புனல், டார்ச் விளக்கு, கையுறை, கண்களைக் காக்கும் கண்ணாடி, பழைய பருத்தித் துணி ஆகியவை போதும். இவற்றை ஒரே நாளில் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், டயர் காற்றழுத்தமானியையும் நட்டு முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சையும் முதலில் வாங்கச் சொல்வேன், ஏனெனில் கைக்கணக்கில் செய்யக்கூடாத இரண்டு வேலைகளுக்கு அவைதான் உதவுகின்றன.

காரைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். கியர் மாற்றும் காரானால் முதல் கியரிலும், ஆட்டோமேட்டிக்கானால் ‘பி’ நிலையிலும் இருக்கட்டும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால் அதன் அருகே கையைக் கொண்டுபோக வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

டயர்களைப் பார்ப்பது

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். கார் மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்றிருந்தால் போதும். ஓடிய டயரில் உள்ளிருக்கும் காற்று சூடாகி அழுத்தம் கூடியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், டயர் ஆறிய பிறகு அழுத்தம் குறைவாகிவிடும். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தமாகும். அதைப் பார்த்துக் காற்றடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, அது தவறு. ஸ்டெப்னியையும் மறக்காமல் அளந்துவிடுங்கள், ஏனெனில் தேவைப்படும் நாளில்தான் பெரும்பாலான ஸ்டெப்னிகளில் காற்றில்லாதது தெரியவருகிறது.

அளந்த கையோடு தேய்மானத்தையும் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக இருந்திருக்கிறது. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக இருந்திருக்கிறது. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேற்பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், மழை நீரை வெளியேற்ற அந்த டயரால் முடியாது. உடனே மாற்றிவிட வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் என்று பொருள்.

சக்கரம் மாற்றுவது

இதை வீட்டில் நிதானமாக ஒருமுறை பழகிவிட்டால், சாலையில் பதற்றம் இருக்காது. கழற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல்லோ மரக்கட்டையோ வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

முதலில், சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் இடஞ்சுழியாக அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். காரைத் தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் கூடவே சுழலும், கார் ஆடி ஜாக்கி நழுவவும் கூடும். அடுத்து, கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வையுங்கள். பெரும்பாலான கார்களில், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் அந்த இடம் வெட்டுக்குறியாலோ கெட்டியான தகட்டாலோ அடையாளமிடப்பட்டிருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். காற்று நிறைந்த ஸ்டெப்னி உள்ளே நுழைய இன்னும் கொஞ்சம் உயரம் தேவைப்படும் என்பதால், பஞ்சரான டயர் தரையைவிட்டு மேலெழுந்த பிறகும் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள்.

நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்ததும், அதைக் காரின் விளிம்புக்குக் கீழே படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் கார் அதன்மேல் உட்காரும். ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளின் கூம்பிய பக்கம் சக்கரத்தைப் பார்க்கும்படி வைத்துக் கையாலேயே முடிந்தவரை முறுக்குங்கள். பிறகு காரை இறக்கி, ஒரு நட்டை முறுக்கியதும் அதற்கு எதிரே உள்ளதை முறுக்குவது என்று மாற்றி மாற்றி, நட்சத்திரம் வரைவதுபோல் இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஸ்பேனர்மேல் ஏறி மிதித்து இறுக்கும் வழக்கம் போல்ட்டின் மரையைக் கெடுக்கும். கையேடு சொல்லும் விசையை டார்க் ரெஞ்சில் அமைத்து இறுக்குவதே முறை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால், அதன்மேல் எழுதியிருக்கும் வேகத்தை, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர், தாண்டக் கூடாது.

காருடன் வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் காருக்கடியில் தலையையோ கையையோ ஒருபோதும் நுழைக்காதீர்கள். அடியில் படுத்துச் செய்யும் எந்த வேலைக்கும், காரின் எடையைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். இந்த ஒரு விதியில் அவசரத்துக்கும் சோம்பலுக்கும் இடமே இல்லை.

இன்ஜின் ஆயில்

இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பது நல்லது. அதற்குள் மேலே ஏறிய ஆயில் அடித்தொட்டிக்கு இறங்கிவிடும். ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, முழுவதுமாக உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். ஆயிலின் விளிம்பு கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே இருக்க வேண்டும். பல கார்களில் அந்த இரு குறிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லிட்டர். எனவே குறைந்திருந்தால் கால் லிட்டர் ஊற்றி, சிறிது பொறுத்து அளந்து, பிறகு அடுத்த கால் லிட்டர் என்று போங்கள். மேல்குறியைத் தாண்டி ஊற்றினால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை சரியாக மசகிடாது.

5டபிள்யூ-30 போன்ற எண்ணில், டபிள்யூவுக்கு முன்னுள்ளது குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ளது இன்ஜின் சூடான நிலையில் அது எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதையும் குறிக்கும். இன்ஜினுக்கு எது உகந்தது என்பதை வடிவமைத்தவர்கள் கையேட்டில் எழுதியிருக்கும்போது, தடித்த ஆயில்தான் நல்லது என்று யாரோ சொல்வதைக் கேட்டு மாற்ற வேண்டாம்.

ஆயிலின் நிறமும் பேசும். டீசல் காரில் மாற்றிய சில நாட்களிலேயே ஆயில் கறுத்துவிடுவது இயல்பு. ஆனால் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கக்கூடும். காரை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். உலோகத் துகள் மின்னினால் உள்ளே ஏதோ உராய்ந்து தேய்கிறது. ஆயிலை நிரப்பிய சில வாரங்களில் மறுபடி குறைந்தால், கார் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். கறை இருந்தால் கசிவு. கறையே இல்லாமல் புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் ஆயில் இன்ஜினுக்குள் எரிகிறது. ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைத்தால் இன்ஜினே போய்விடும்.

கூலன்ட்டும் பிரேக் ஆயிலும்

கூலன்ட் தொட்டி பெரும்பாலும் உள்ளிருப்பது தெரியும் வெள்ளை பிளாஸ்டிக்கில் இருக்கும். மூடியைத் திறக்காமலே அளவைப் பார்த்துவிடலாம். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையோ தொட்டி மூடியையோ திறக்கவே கூடாது, ஏனெனில் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். நிரப்பும்போது கையேடு சொல்லும் வகையையே வாங்கி, அடர்த்தியானதாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரைச் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் உப்புப் படிவை உண்டாக்கும். கூலன்ட்டில் பொதுவாக உள்ள எத்திலின் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிந்தினால் உடனே கழுவித் துடைத்து, குழந்தைகளும் நாய், பூனைகளும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயில் குறைந்திருப்பதைக் கண்டதும் நிரப்பத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். பிரேக் பிடிக்கும்போது உராயும் பிரேக் பேடு தேயத் தேய அளவு மெல்லக் கீழே இறங்குவது இயல்பு. ஆகவே குறைவு என்பது பேடைப் பார்க்கச் சொல்லும் செய்தி. வேகமாகக் குறைந்தாலோ, மிதி அமுங்கி ஆழமாகப் போனாலோ அது கசிவு, அந்தக் காரை ஓட்டக் கூடாது. டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருக்கும் வகையைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையவை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அது கொதித்துக் குமிழியானால் மிதி பிடிக்காமல் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். மாற்றும் வேலையை மட்டும் பணிமனையிடம் விடுங்கள்.

பேட்டரி

இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு மின்னேற்றம்; 12க்குக் கீழே என்றால் தீர்ந்துபோன நிலை. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்டும். அப்போதும் 12.5ஐத் தாண்டாமல் நின்றால் குறை பேட்டரியில் இல்லாமல் அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் இருக்கக்கூடும். புது பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் எதிர்முனையையும் (−) பிறகு நேர்முனையையும் (+) கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் மாட்டுங்கள். இந்த வரிசை மாறினால், ஸ்பேனர் காரின் உலோகத்தில் பட்டதும் பெரும் பொறி பறக்கும்.

வேறொரு காரிலிருந்து மின்சாரம் வாங்கி ஸ்டார்ட் செய்யும்போது சிவப்புக் கம்பியைத் தீர்ந்த பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையை நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால் கடைசிப் பொறி அதன் பக்கத்தில் விழக் கூடாது.

சின்ன வேலைகள்

ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் திறந்து, காகித ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் புதிது போடுங்கள், தண்ணீரில் கழுவ வேண்டாம். வைப்பர் பிளேடு மாற்றும்போது கண்ணாடிமேல் மடித்த துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள், ஏனெனில் வெறும் இரும்புக்கை திடீரென்று மடங்கி அடித்தால் கண்ணாடி விரிசல் விடும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸையே போட வேண்டும். வழக்கமான நிறங்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயராக இருக்கும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

தொடக்கூடாதவை

ஏர்பேக், அதன் ஒயர்கள், ஏசி வாயு, எரிபொருள் குழாய், சஸ்பென்ஷன் ஸ்பிரிங் ஆகியவற்றில் வீட்டில் கை வைக்காதீர்கள். ஹைப்ரிட் காரிலும் மின்சாரக் காரிலும் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் தடித்த கேபிள்கள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உடையவை.

வடித்த ஆயிலையோ கூலன்ட்டையோ மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், தனித்தனி கேன்களில் மூடி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பணிமனையிடம் கொடுங்கள். ஒரு சிறு நோட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் அளவு, நான்கு டயர்களின் காற்று, பேட்டரி வோல்ட் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதி வந்தால், எது எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். பணிமனைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். மெக்கானிக்கும் எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவார்.