அமாத்தே தாள்: வாங்குவோரும் வரைவோரும் செய்யும் தவறுகள்

மெக்சிகோவிலிருந்து வரும் அமாத்தே தாளை முதன்முறையாகக் கையில் வாங்குகிறவர்களில் பலர் அதைப் ‘பாப்பிரஸ்’ என்றே அழைக்கின்றனர். பாப்பிரஸ் என்பது நைல் ஆற்றங்கரையில் வளரும் ஒரு கோரையின் தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சீவி அடுக்கி அழுத்திச் செய்வது. அமாத்தே மரப்பட்டையிலிருந்து வருவது. ஆல், அரசு, அத்தி ஆகிய நம் மரங்கள் எந்தப் பேரினத்தைச் சேர்ந்தவையோ, அதே பேரினத்து மரங்களின் உள்பட்டைதான் அதன் பழைய மூலப்பொருள். மெக்சிகோவின் பழங்குடிகளான நாவா மக்களின் மொழியில் தாளுக்கு ‘அமாட்ல்’ என்று பெயர். அதிலிருந்தே அமாத்தே என்ற சொல் பிறந்தது.

பெயர்க் குழப்பத்தைவிடப் பெரிய தவறு, இதைக் கடையில் வாங்கும் ஓவியத்தாளைப் போலவே நினைத்துக்கொள்வது. நாம் அறிந்த தாள், நாரைக் கூழாக்கி, நீரில் கலக்கி, சல்லடையில் அள்ளி எடுத்துச் செய்யப்படுவது. புவேப்லா மாநிலத்தின் வடக்கு மலைப்பகுதியில் உள்ள சான் பாப்லித்தோ என்ற ஊரில் ஒத்தோமி மக்கள் அமாத்தே செய்யும் முறை வேறு. உரித்த உள்பட்டையைப் பல மணி நேரம் வேகவைக்கின்றனர். முன்பு இதற்குச் சாம்பலையோ, மக்காச்சோளம் வேகவைத்த சுண்ணாம்பு நீரையோ பயன்படுத்தினர். வெந்து மெலிந்த நாரை அலசி, பலகையின் மேல் கட்டம் கட்டமாக, இடையில் வெற்றிடம் விட்டுப் பரப்பி, கைக்கு அடக்கமான கல்லால் அடிக்கின்றனர். அடிக்க அடிக்க நார் விரிந்து பக்கத்து நாரோடு பின்னிக்கொள்ள, வெற்றிடங்கள் தாமே மூடிக்கொள்கின்றன. மேற்பரப்பை ஆரஞ்சுத் தோலால் தேய்த்து வழவழப்பாக்கிய பின், பலகையோடு வெயிலில் காயவைத்து, காய்ந்ததும் உரித்தெடுக்கின்றனர். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கட்டக் கோடுகள் இன்னும் தெரியும். பலகையைத் தொட்டிருந்த பக்கம் மென்மையாகவும், கல் பட்ட பக்கம் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும்.

எங்காவது ஓட்டை விழுந்திருந்தால், சிறு பட்டைத்துண்டை ஒட்டி மூடியிருப்பார்கள். அந்த ஒட்டுத்துண்டைக் குறையாகக் கருதித் தாளைத் திருப்பிக் கொடுப்பதும், சீரற்ற ஓரங்களைக் கத்தரித்து நேராக்குவதும் வருத்தத்துக்குரிய செயல்கள். ஓரத்தில் பிசிறி நிற்கும் நார்தான், இந்தத் தாள் அச்சில் வார்க்கப்படாமல் கையால் அடித்து விரிக்கப்பட்டது என்பதற்கு முதல் சான்று.

வரைகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் நீரால் வருகின்றன. அமாத்தேயின் மேல் நீர் ஊறுவதைத் தடுக்கும் பசைப்பூச்சு இல்லை. ஆகவே நீர்வண்ணத்தை நீர்க்க நீர்க்கத் தீட்டினால் வண்ணம் நாரின் வழியே ஓடிப் பரவும். ஈரமான இடத்தில் நார் எழும்பித் தாள் அலை அலையாக நெளியும். பென்சில் கோட்டை ரப்பரால் அழுத்தி அழிக்க முயன்றால் கோட்டோடு நாரும் கிளம்பி வரும். கோட்டை வேறு தாளில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே அமாத்தேயில் இறங்குவது நல்லது. கெட்டியான, ஒளி ஊடுருவாத வண்ணங்களே இதற்குப் பொருந்தும். பழைய ஓவியர்களும் இதை அறிந்திருந்தனர்: மாயா மக்கள் எழுதி, இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நூலகத்தில் உள்ள டிரெஸ்டன் ஏட்டுச்சுவடியின் 39 ஏடுகளும் அமாத்தேயால் ஆனவை, அவற்றின் மேல் வெள்ளைச் சுண்ணப்பூச்சு இட்டு, அதன் பிறகே எழுத்தும் உருவமும் தீட்டப்பட்டுள்ளன. அந்தச் சுவடியும் நீரிடமிருந்து முழுமையாகத் தப்பவில்லை. 1945இல் டிரெஸ்டன் நகரின் மீது குண்டு வீசப்பட்டபோது, நூலகத்தின் நிலவறைக்குள் புகுந்த நீர் அதன் சில பக்கங்களைச் சேதப்படுத்தியது.

சட்டமிடும்போது தாள் முழுவதற்கும் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவது, பின்னர் திருத்தவே முடியாத தவறு. காற்றில் ஈரம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அமாத்தே விரியும், சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் சுருக்கம் விழும், சில வேளை கிழியும். மேல் ஓரத்தில் மட்டும், மாவுப்பசையும் மெல்லிய தாளும் கொண்டு இரண்டு மூன்று இடங்களில் பிடித்துத் தொங்கவிட்டால் போதும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. நேர் வெயில் படும் சுவரும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் இதற்கு ஆகாதவை.

‘கைவினைப் பொருள், ஆகவே இயற்கைக்குக் கேடில்லாதது’ என்று முடிவு கட்டுவதும் அவசரம். தேவை பெருகியபோது அத்தியின மரங்களின் பட்டை போதாமல் போயிற்று. இன்று பெருமளவு தாள், ஹொனோத்தே என்ற வேகமாக வளரும் மரத்தின் பட்டையிலிருந்தே வருகிறது. அதன் கடினமான நாரை விரைவில் மெலிய வைக்கக் காஸ்டிக் சோடாவும், நிறத்தை வெளுக்கக் குளோரினும் சேர்கின்றன. அந்தக் கழிவு ஊரின் நீர்நிலைகளில் கலக்கிறது. சரியாக அலசப்படாமல் தாளில் தங்கிய ரசாயனம் நாரையும் நாளடைவில் நலியச் செய்யும். பளிச்சென்ற வெள்ளைத் தாளையே கேட்டு வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. விலையை அடித்துப் பேசுகிறவர்கள், மலிவுக்காகக் குறைக்கப்படுவது கொதிக்கும் நேரமும் அலசும் நீரும்தான் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

சான் பாப்லித்தோவின் சடங்காளர்கள் தாளை மடித்து வெட்டிச் செய்யும் உருவங்களைப் பற்றி இரு வகைத் தவறுகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அவற்றைச் சூனியம் என்று அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார் வெறும் சுவர் அலங்காரமாகக் கொள்கின்றனர். கைகளை உயர்த்தி நிற்கும் ஓர் உருவத்தின் இரு பக்கங்களிலும் மக்காச்சோளக் கதிர்கள் முளைத்திருந்தால், அது அந்த விதையின் ஆவியைக் குறிக்கும். விளைச்சலுக்கான வேண்டுதல் அது. பொதுவாக நல்ல ஆவிகளுக்கு வெளிர்நிறத் தாளும், தீயவற்றுக்குக் கருநிறத் தாளும் பயன்படுத்துவது அங்குள்ள மரபு. ஆகவே அடர்நிறத் தாளைக் கண்டதும் ‘பழையது’ என்று கருதுவதும் பிழை. நிறம் மரத்தின் வகையாலோ சாயத்தாலோ வருவது.

கடைசியாக, பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பிழை. பறவைகளும் பூக்களும் ஊர்த் திருவிழாக்களும் நிறைந்த அமாத்தே ஓவியத்தை ‘ஆஸ்டெக் காலத்து மரபு’ என்று எழுதிவைக்கிறார்கள். தாள் தொன்மையானதுதான், ஆஸ்டெக் பேரரசுக்குத் திறையாகவே அது செலுத்தப்பட்டது. ஆனால் இந்த ஓவியமுறை, கெரேரோ மாநிலத்தின் நாவா மக்கள் மட்பாண்டங்களில் தீட்டிவந்ததை 1960களில் தாளுக்கு மாற்றியதால் உருவானது. ஒரே பொருளில் இரு சமூகங்களின் உழைப்பு இருக்கிறது. எனவே ஓவியத்தின் பின்னட்டையில் குறிப்பு எழுதும்போது, தாள் ஒத்தோமியர் செய்தது என்றும், ஓவியம் நாவா ஓவியர் தீட்டியது என்றும் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். பெயரும் ஊரும் தெரிந்தால் அவற்றையும் சேர்க்க வேண்டும்.